வெயிலா, காற்றா? மொட்டைமாடியில் ஒரு சிறு மின்நிலையம்

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை.

வடசென்னையிலுள்ள மூலக்கொத்தளத்தை எண்ணிப் பாருங்கள். அருகிலேயே பேசின் பாலம். அங்கு ஒரு வாயுச் சுழலி மின்நிலையம். வடக்கே எண்ணூர்ப் பக்கம் அனல் மின்நிலையங்கள். ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் புகைபோக்கிகளின் அருகே வாழ்ந்தாலும், கம்பி அறுந்தால் இருட்டுத்தான். அப்படியானால், நம் மொட்டைமாடியிலேயே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கிக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் முதலில் கணக்குப் போட வேண்டும்.

தேவை எவ்வளவு?

12 வோல்ட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் 90 வாட்-மணி. 28 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 224 வாட்-மணி. கைப்பேசிக்கு 15 எனக் கொள்வோம். மொத்தம் 329 வாட்-மணி.

வெயில் தருவது

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சிலிக்கன் மின்பலகை மின்சாரமாக மாற்றுகிறது. ஆகவே அரை சதுர மீட்டர்ப் பலகை 100 வாட் தரும். சென்னையில் ஒரு நாள் வெயிலை ஏறத்தாழ 5 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமமாகக் கொள்ளலாம். ஆக, 500 வாட்-மணி. வெப்பம், தூசு, சேமிப்பு ஆகியவற்றால் 30 விழுக்காடு இழந்தாலும் 350 மிஞ்சும். நம் தேவை நிறைவேறுகிறது!

சென்னையின் அட்சக்கோடு 13 பாகை. ஆதலால் பலகையைத் தெற்கு நோக்கி அதே அளவு சாய்த்து வைக்க வேண்டும்.

காற்று தருவது

கடற்காற்று வீசும் ஊராயிற்றே, காற்றாலை வைத்தால் என்ன? காற்றின் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்றாகிவிடும். 1 மீட்டர் நீள இதழ்கள் கொண்ட சிறு காற்றாலையின் வழியே வினாடிக்கு 6 மீட்டர் வேகக் காற்று சென்றால், அதிலுள்ள திறன் ஏறத்தாழ 400 வாட். கட்டடங்கள் மறித்து வேகம் 3 மீட்டராகக் குறைந்தால் 50 வாட்தான். அதிலும் 59 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது; இது பெட்ஸ் கண்ட விதி. சிறிய காற்றாலை கால் பங்கு எடுத்தாலே பெரிது. ஆக, 12 வாட்! ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் முப்பந்தலுக்கும் காற்று. நெருக்கமான மூலக்கொத்தளத்துக்கு வெயில்.

சேமிப்பு

12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் 720 வாட்-மணி அடங்கும். ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எனவே 360 எனக் கொள்க. புயலுக்குப் பின் வானம் மூடியிருந்தால் விசிறியை நிறுத்திவிடுங்கள். விளக்குக்கும் கைப்பேசிக்கும் இரவுக்கு 105 வாட்-மணி போதும். மூன்று இரவுகள் தாங்கும்.

ஒரு வியப்பு

பேட்டரி இல்லாமல், மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த மாடிப் பலகைகள் மின்வெட்டின்போது நல்ல வெயிலிலும் வேலை செய்யா! இது குறையன்று. கம்பியைச் சீர்செய்யும் தொழிலாளி அதில் மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடுகிறார். நம் வீட்டு மின்சாரம் அதில் பாய்ந்தால் அவர் உயிர் போகும். ஆகவே இன்வெர்ட்டர் தானே நின்றுவிடுகிறது. மின்கட்டணம் குறையக் கம்பி இணைப்பு, புயலிரவுக்குப் பேட்டரி. இரண்டும் வெவ்வேறு தேவைகள்.

எச்சரிக்கை

பலகைக்கும் பேட்டரிக்கும் இடையே சார்ஜ் கண்ட்ரோலர் வேண்டும். முதலில் பேட்டரியையும், பிறகு பலகையையும் அதனோடு இணைக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனை அருகிலேயே பியூஸ் இருக்கட்டும். மின்னேற்றும்போது ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அருகே தீ கூடாது. உப்புக்காற்று இரும்பை அரிக்கும். அலுமினியச் சட்டமே நல்லது. புயல் எச்சரிக்கை வந்ததும் பலகையைக் கழற்றி உள்ளே வையுங்கள். வீட்டின் 230 வோல்ட் இணைப்பைத் தொடவே கூடாது. அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

செய்து பாருங்கள்

ஒரு சிறு சோலார் தகட்டை மல்டிமீட்டருடன் இணைத்து வெயிலில் மின்னோட்டத்தை அளந்து எழுதுங்கள். பிறகு அதன் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் அட்டையால் மூடுங்கள். மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது? கட்டங்கள் தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்று தடைபட்டால் மற்றவையும் தடைபடும். கொடியில் காயும் ஒரு துண்டின் நிழல்கூட முழுப் பலகையையும் முடக்கிவிடலாம்.

பல குடும்பங்களுக்கு ஒரே மாடி உள்ள குடியிருப்பில் இந்த வெயில் யாருக்கு? எல்லோரும் ஏறும் மாடிப்படிக்கு ஒரு விளக்கு எரிய எத்தனை வாட் பலகை தேவை? உங்கள் குடியிருப்புக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்.