கதவுக்கு வெளியே

கேள்வி: கிரிக்கெட்டையும் கால்பந்தையும் 'அவுட்டோர் கேம்ஸ்' என்கிறோம். மைதானத்தில் கதவே கிடையாது. இந்த 'டோர்' எங்கிருந்து வந்தது?

பதில்: ஆடப் போனவர் வீட்டிலிருந்து வந்தது! ஆங்கிலேயர் முதலில் 'அவுட் ஆஃப் டோர்ஸ்' என்று நீட்டி முழக்கித்தான் சொன்னார்கள். கதவைத் தாண்டி வெளியே என்று பொருள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது தேய்ந்து 'அவுட்டோர்' ஆயிற்று.

வாசலை வைத்து வெளியைக் குறிக்கும் வழக்கம் இன்னும் பழையது. லத்தீனில் 'ஃபோரிஸ்' என்றால் கதவு; அதுவே 'வெளியே' என்றும் பொருள்பட்டது. வெளிநாட்டைக் குறிக்கும் 'ஃபாரின்' அதிலிருந்து பிறந்ததுதான். 'ஃபாரஸ்ட்' என்ற சொல்லும் அதன் வாரிசு, வேலிக்கு வெளியே உள்ள காடு என்ற பொருளில் வந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஆங்கில 'டோர்', லத்தீன் 'ஃபோரிஸ்', சமஸ்கிருத 'த்வார' மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. கருவறை வாசலில் கதையை ஊன்றி நிற்கும் துவாரபாலகரும் 'அவுட்டோரும்' தூரத்துப் பங்காளிகள் என்று சொல்லலாம். அந்தத் துவாரம் தமிழுக்கு வந்ததும் சட்டைத் துவாரம், சுவர்த் துவாரம் என்று வெறும் ஓட்டையாகிவிட்டது தனிக்கதை.

நம்மவர்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு முன்னால் இருப்பது 'இல்முன்'. அது முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆனதை இலக்கணப் போலி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பழந்தமிழில் 'கடை' என்றால் வாசல், 'புழை' என்றால் துளை அல்லது சிறுவாசல். கொல்லைப்புறத்தைப் 'புழைக்கடை' என்று சொன்னது இந்தக் கணக்கில்தான். ஆனால் 'வெட்டவெளி' என்று சொல்லும்போது தமிழுக்கு வீடும் வேண்டாம், கதவும் வேண்டாம். 'அவுட்டோர்' அவ்வளவு தூரம் போகாது.

கேள்வி: பொள்ளாச்சியில் ஒரு வீட்டு ஹாலுக்குள் படம் பிடிக்கிறார்கள். அதையும் 'அவுட்டோர் ஷூட்டிங்' என்கிறார்களே, சரியா?

பதில்: சினிமாக்காரர்கள் பக்கம்தான் நியாயம். கோடம்பாக்கத்தில் கதவு என்றால் ஸ்டுடியோவின் கதவு. அதைத் தாண்டிவிட்டால் கூரை இருந்தாலும் அவுட்டோர்தான். 1977-இல் '16 வயதினிலே' கிராமத்திலேயே எடுக்கப்பட்டு வெற்றி பெற்ற பிறகு, அவுட்டோர் போவது தமிழ்ப் படங்களுக்கு வாடிக்கையாயிற்று.

இந்தப் பொருளுக்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. அங்கே ஏழைகளுக்குத் தரும் உதவியில் 'இண்டோர் ரிலீஃப்', 'அவுட்டோர் ரிலீஃப்' என்று இரண்டு வகை இருந்தன. ஆலிவர் ட்விஸ்ட் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டானே, அந்த மாதிரி ஏழைகள் விடுதிக்குள் அடைத்துவைத்துச் சோறு போட்டால் இண்டோர். விடுதியில் சேராமல் தன் வீட்டிலேயே இருப்பவருக்குக் காசோ ரொட்டியோ கொடுத்தால் அவுட்டோர். வாங்குபவர் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாலும் பெயர் அவுட்டோர் ரிலீஃப்தான். உடல் வலுவுள்ளவர்களுக்கு அதை நிறுத்தி, அவர்களை விடுதிக்குள் தள்ளும் நோக்கத்தோடு 1834-இல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஆக, எந்தக் கட்டடத்தின் கதவு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய சொல் இது. ஏசி மெக்கானிக் சொல்லும் 'அவுட்டோர் யூனிட்' மட்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் சுவருக்கு வெளியே தொங்குகிறது.

கேள்வி: அவுட்டோரா, அவுட்டோர்ஸா?

பதில்: பெயருக்கு முன்னால் அடையாக வந்தால் 'அவுட்டோர்'. வெளியே விளையாடினேன் என்று வினையோடு சேர்ந்தால் 'அவுட்டோர்ஸ்'. நம் ஊரில் சகஜமாகக் காதில் விழும் 'இன் அவுட்டோர்' பிழை.

கேள்வி: ஓட்டல் வாசலில் 'அல்ஃப்ரெஸ்கோ' என்று பலகை பார்த்தேன். அவுட்டோர், ஓபன் ஏர், அல்ஃப்ரெஸ்கோ எல்லாம் ஒன்றுதானா?

பதில்: ஒன்றுபோலத் தெரியும், ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. மலையேறப் போட்டுக்கொள்வது அவுட்டோர் ஷூ. அதை ஓபன் ஏர் ஷூ என்றால் சிரிப்பார்கள். 'ஓபன் ஏர்' இடத்துக்குத்தான் பொருந்தும்: திறந்தவெளி அரங்கு, திறந்தவெளி அருங்காட்சியகம். பழைய பண்ணை வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி 1891-இல் ஸ்டாக்ஹோமில் திறந்த ஸ்கான்சென் அப்படிப்பட்டது.

ஓவியர்களுக்கென்று பிரெஞ்சிலிருந்து வந்த 'ப்ளேன் ஏர்' தனியாக இருக்கிறது. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைத்துவைக்கும் வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? குழாய் வந்த பிறகு மோனேயும் ரெனுவாரும் ஆற்றங்கரைக்கே போய் உட்கார்ந்து தீட்ட முடிந்தது.

'அல்ஃப்ரெஸ்கோ' சாப்பாட்டு மேசைக்கு. இத்தாலியத்தில் 'ஃப்ரெஸ்கோ' என்றால் புதியது, குளிர்ந்தது. ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைவதால் ஃப்ரெஸ்கோ ஓவியத்துக்கும் அதே பெயர். மைக்கலாஞ்சலோ அதை 1508 முதல் 1512 வரை தேவாலயத்துக்குள், அதுவும் உட்கூரையில் தீட்டினார். ஆனால் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது குளிர்ந்த காற்றில் விருந்து என்ற பொருளை.

இத்தாலிக்குப் போனால் மட்டும் இந்தச் சொல்லில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒருவர் 'அல் ஃப்ரெஸ்கோ' இருக்கிறார் என்றால், அங்கே பேச்சுவழக்கில் ஜெயிலில் களி தின்கிறார் என்று பொருள். வெளியே மேசை வேண்டுமென்றால் 'அல்லபெர்தோ' என்று கேளுங்கள்.