ஜெல் செய்து விற்கப் போகிறீர்களா? முதலில் பசையைப் படியுங்கள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் போகும் ஏ-9 வீதியின் வாசனைத் திரவியத் தோட்டங்களை அறியாதவர் நம்மில் இல்லை. மிளகுக் கொடியையும் கறுவா மரத்தையும் காட்டி முடித்ததும், உல்லாசப் பயணியின் கையில் தைலமும் கிறீமும் கற்றாழை ஜெல்லும் கொடுப்பார்கள். 2019 ஏப்ரல் தாக்குதல்களும் 2020 கொரோனாவும் அந்த வியாபாரத்தைப் படுக்க வைத்தன. 2022 ஆகஸ்டில் அரசாங்கம் 300க்கு மேற்பட்ட பொருட்களின் இறக்குமதியை இடைநிறுத்தியபோது ஷம்பூ, செண்ட், அலங்காரப் பொருட்களும் அதில் அகப்பட்டன. தடை பின்னர் படிப்படியாக நீங்கியது. ஆனால் அந்த நாட்களில் வீட்டில் ஜெல்லும் ஹெயார் கிறீமும் செய்யப் பழகியவர்கள் இன்றும் செய்கிறார்கள்.

என் கடைக்கும் மாதிரிப் போத்தலுடன் சகோதரர்களும் சகோதரிகளும் வருகிறார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி, “தடிப்பாக்க எதைப் போட்டீர்கள்?” என்பதுதான். பலருக்குப் பதில் தெரிவதில்லை. “பவுடர் ஒன்று, கொழும்பிலிருந்து வந்தது” என்பார்கள். தான் விற்கும் சாமானைத் தானே அறியாதவர் எப்படி அதற்குப் பொறுப்புச் சொல்வார்?

பசை என்ன செய்கிறது?

பலூடாவில் போடும் கசகசாவைப் பாருங்கள். சின்ன விதை தண்ணீரைப் பிடித்துத் தன்னைச் சுற்றி வழுவழுப்பான உறை கட்டுகிறது. ஜெல் பவுடரும் இதைத்தான் செய்கிறது. ஒரு சிட்டிகை, ஒரு கோப்பை தண்ணீரை ஓடாமல் நிறுத்தி விடும். நோன்பு காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசியும் ஒரு ஜெல்தான். ஆனால் அது வெட்டினால் துண்டாகும், தோலில் பரவாது. ஆகவே எல்லாப் பசையும் எல்லா வேலைக்கும் ஆகாது.

சந்தையில் கிடைப்பவற்றில் நான்கை அறிந்தால் போதும்.

ஸாந்தன் கம்: பெயர் சந்தனம் போல் ஒலித்தாலும் சந்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீனியை ஒரு வகை பக்டீரியா கொண்டு புளிக்கச் செய்து எடுப்பது. அமெரிக்காவில் 1969இல் உணவுக்கு அனுமதி பெற்றது. உப்பையும் புளிப்பையும் தாங்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே நல்லது.

குவார் கம்: கொத்தவரை விதையிலிருந்து வருவது. இந்தியாவே பெரிய உற்பத்தியாளர்.

கார்போமர்: கண்ணாடி போல் தெளிந்த ஜெல் தருவது. தண்ணீரில் கரைத்தால் புளிப்பாகவும் நீர்த்தும் இருக்கும். காரம் சேர்த்துச் சமன் செய்தால்தான் இறுகும். உப்புப் பட்டால் இளகி விடும். கற்றாழைச் சாற்றில் இயல்பாகவே உப்புக்கள் இருப்பதால் அதிகம் சேர்த்தால் ஜெல் தண்ணீராகும்.

ஹைட்ரொக்ஸிஎதைல் செலுலோஸ்: மரம், பஞ்சின் நாரிலிருந்து செய்வது. தலைமுடிக் கண்டிஷனருக்கு இதுவே பொருத்தம். கண்டிஷனரில் முடியை மிருதுவாக்கும் பொருட்கள் நேர்மின் ஏற்றம் உடையவை. ஸாந்தனும் கார்போமரும் எதிர்மின் ஏற்றம் உடையவை. இரண்டையும் கலந்தால் திரிந்த பால் போலாகும்.

செய்முறை

ஒரு கிலோ ஜெல்லுக்கு ஸாந்தன் 8 கிராம், கிளிசரின் 50 கிராம், பாதுகாப்புப் பொருள் 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 932 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள்.

பவுடரை நேரே தண்ணீரில் கொட்டினால் கட்டி விழும். கட்டியின் வெளிப்புறம் இறுகி, உள்ளே பவுடர் காய்ந்தே கிடக்கும். எவ்வளவு கலக்கினாலும் உடையாது. ஆகவே முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். பிளெண்டரில் வேகமாக அடித்தால் காற்று புகுந்து விடும். இன்று நிறைத்த போத்தல் காற்று வெளியேறியதும் குறைந்து நிற்கும். வாங்கியவர் அளவில் மோசம் என்று நினைப்பார். அளவை நிறுவையில் நேர்மை நமக்குக் கடமை. பாதுகாப்புப் பொருளையும் கலந்து, மூடி ஓர் இரவு வைத்து, மறுநாள் நிறுத்துப் போத்தலில் அடையுங்கள்.

கெட்டுப் போகும் ஜெல்

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் வீட்டு ஜெல்லை நம்பித் தன் கடையில் வைத்தார். மூன்று வாரத்தில் போத்தல்கள் உப்பி, கறுப்புப் புள்ளி விழுந்து திரும்பி வந்தன. செய்தவர் “கெமிக்கல் இல்லை” என்று லேபலில் பெருமையாக எழுதியிருந்தார். பணம் போனது சிறிய விடயம். அந்த வாடிக்கையாளர் மற்றச் சாமானுக்கும் அந்தக் கடைக்கு வருவதில்லை.

தண்ணீர் உள்ள இடத்தில் கிருமி வளரும். ஸாந்தனும் குவாரும் அவற்றுக்குத் தீனியும்கூட. கெட்ட ஜெல் கண்ணிலோ காயத்திலோ பட்டால் பெரும் தீங்கு வரலாம். விட்டமின் ஈ எண்ணெய் காறுவதைத் தாமதப்படுத்தும், கிருமியைக் கொல்லாது. எலுமிச்சைச் சாறும் போதாது. பினொக்ஸிஎதனோல் போன்ற பாதுகாப்புப் பொருள் அவசியம். ஐரோப்பியச் சட்டம் அதை நூற்றுக்கு 1 வரை அனுமதிக்கிறது. பச்சைக் கற்றாழையை வழித்துப் போடுபவர்கள் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு போத்தலை வெயில் படாத இடத்தில் மூன்று மாதம் வைத்து நிறம், மணம், தடிப்புப் பாருங்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் உண்டு. கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுகூடத்தில் ஒரு தடவையாவது பரிசோதித்த பிறகே கடைகளுக்குக் கொடுங்கள்.

ஹலாலும் சட்டமும்

ஜெலட்டின் மாட்டிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். கிளிசரின் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும். விற்பவரிடம் மூலம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை லேபலைப் பார்க்கும். தூய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை தெளிவாக இருக்கட்டும். “எக்ஸிமா குணமாகும்” என்று எழுதினால் அது அழகுப் பொருளல்ல, மருந்து என்ற கணக்கில் போகும். விற்பதற்கு முன் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் எந்த அனுமதி வேண்டும் என்று விசாரியுங்கள்.

வாங்கும் கணக்கு

கிலோவுக்கு 8 கிராம் என்றால் ஒரு கிலோ ஸாந்தன் 125 கிலோ ஜெல்லுக்குப் போதும், அதாவது 100 கிராம் போத்தல் 1,250. விலை குறைவு என்று 25 கிலோ மூட்டை வாங்குவது முதலை முடக்குவது. உங்கள் செலவு பவுடரில் இல்லை. போத்தல், லேபல், பரிசோதனை, திரும்பி வரும் சாமான் ஆகியவற்றில்தான் இருக்கிறது. விலை போடும்போது அவற்றைக் கூட்டுங்கள்.

ஒரே பசையை நம்பியும் இருக்காதீர்கள். அமெரிக்க எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தேவைப்பட்டதால் 2012இல் குவார் விலை பல மடங்கு ஏறி, பிறகு சரிந்தது. 2020இல் கை கழுவும் ஜெல்லுக்காக உலகமே கார்போமர் தேடித் தட்டுப்பாடு வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் கொடுத்த கைத்தொற்றுநீக்கி முறையில் ஜெல் பவுடரே கிடையாது. மதுசாரமும் சிறிது கிளிசரினும் கொண்ட நீர்மம்தான் அது. தடிப்பு இல்லாமலும் வேலை நடந்தது.

எனவே இரண்டாவது பசையிலும் ஒரு செய்முறையைப் பரீட்சித்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தத் தொகுதிக்கு எந்தப் பவுடர், எத்தனை கிராம், எந்தத் திகதி என்பதும் அதே கொப்பியில் இருக்கட்டும். அடுத்த முறை என் கடைக்கு மாதிரி கொண்டு வருபவர் அந்தக் கொப்பியையும் கொண்டு வந்தால், போத்தலைத் திறக்கும் முன்பே பாதி நம்பிக்கை வந்துவிடும்.