கைப்பேசியில் கரகரத்த பாட்டு, இசைத்தட்டில் தெளிந்தது எப்படி?

பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய முதல் நாள். படிவம் 4 மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்துக்கு வந்து, தன் கைப்பேசியை என் காதருகே நீட்டினான். விடுமுறையில் அண்ணனோடு ஒரு ஹெவி மெட்டல் இசைநிகழ்ச்சிக்குப் போயிருக்கிறான். மேடைக்கு மிக அருகில் நின்று மூன்று பாட்டைப் பதிவும் செய்திருக்கிறான். எனக்குக் கேட்டது பாட்டல்ல. சூடான மணலில் கடலை வறுப்பதுபோல ஒரே கரகரப்பு.

“இது என்ன பாட்டுன்னு எனக்கே தெரியல சார்,” என்றான். பிறகு பேச்சோடு பேச்சாக, “முந்தாநாள் நடந்துச்சு. காது இன்னும் கொய்ங்னு கத்துது சார்,” என்றும் சொன்னான்.

மாணவர்களே, அவன் சொன்ன இரண்டுக்குமே விளக்கம் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம். ஆனால் முதலாவது புரிந்தால்தான் அது புரியும்.

அன்று ஓய்வு நேரத்தில் அவனுக்கு ஒரு பழைய இசைத்தொகுப்பைப் போட்டுக் காட்டினேன். அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்துக் குழுவின் ‘லைவ் ஆஃப்டர் டெத்’. அக்குழு 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கி 1985 ஜூலையில் அமெரிக்காவில் முடித்த நீண்ட சுற்றுப்பயணத்தின்போது பதிவானது அது. பெரும்பகுதி 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கில், நான்கு இரவுகளில் பதிவு செய்யப்பட்டது. ஒரு பகுதி மட்டும் அதற்கு முந்தைய அக்டோபரில் லண்டனில் பதிவானது. இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், டிரம்ஸ், பாடகர் புரூஸ் டிக்கின்சனின் உச்சக் குரல் என ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும். ஊர்ப் பெயரைச் சொல்லி அவர் கூட்டத்தைக் கூவச் சொல்வதும், கூட்டம் கூவுவதும் தெளிவாகவே கேட்கும்.

“அங்கேயும் இதே மாதிரி சத்தம்தானே சார் இருந்திருக்கும்?” என்று கேட்டான். நல்ல கேள்வி.

தலை சீவப்பட்ட அலை

ஒலி அலைக்கு முகடும் அகடும் உண்டு என்று படித்திருப்பீர்கள். கைப்பேசியின் ஒலிவாங்கியும் மின்சுற்றும் ஓர் எல்லை வரைதான் அலையின் வீச்சைத் தாங்கும். முகடு அந்த எல்லையைத் தாண்டினால் தாண்டிய பகுதி பதிவாகாது. வளைந்த முகடு, கத்தியால் சீவிய இளநீர்போல் தட்டையாகிவிடும். அப்படித் தட்டையான அலையில், மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் சேர்ந்துகொள்கின்றன. அவைதான் அந்தக் கரகரப்பு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹெவி மெட்டல் கிட்டாரின் கரடுமுரடான ஒலியும் இதே முகடு வெட்டால்தான் பிறக்கிறது! கிட்டார்க் கலைஞர் வேண்டுமென்றே ஒலியை எல்லைக்கு மேல் ஏற்றி வெட்டுப்பட வைக்கிறார். அப்படியானால் அவர் செய்தால் இசை, கைப்பேசி செய்தால் இரைச்சலா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு அதிர்வெண்கள் ஒன்றாகச் சேர்ந்து வெட்டுப்பட்டால், அவற்றின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் புதிய ஒலிகளாகத் தோன்றும். மெட்டல் கிட்டாரில் அடிக்கடி வாசிக்கப்படும் ‘பவர் கார்ட்’ என்பது இரண்டே சுரங்களால் ஆனது. ஏ சுரம் 110 ஹெர்ட்ஸ், ஈ சுரம் ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 55, கூட்டுத்தொகை 275. நான்கு எண்களும் 55ஆம் வாய்ப்பாட்டில் வருகின்றன. அதிலும் 55 ஹெர்ட்ஸ் என்பது அதே ஏ சுரம், ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத ஒரு கனமான அடி ஒலி இலவசமாகக் கிடைக்கிறது! இவற்றின் நடுவே 139 ஹெர்ட்ஸ் அளவில் இன்னொரு சுரத்தைச் சேர்த்தால் 29, 26 என்று ஒட்டாத எண்கள் முளைக்கும். ஒலி கலங்கிவிடும். அதனால்தான் அந்தக் கலைஞர்கள் பெரும்பாலும் இரண்டு சுரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வாய்ப்பாடு தெரியாமலே, காதால் கண்டுபிடித்த கணிதம் இது.

கிட்டார்ப் பெருக்கி வெட்டுவது ஒரு கருவியின் ஒலியை மட்டும். கைப்பேசியோ குரல், டிரம்ஸ், பேஸ், கிட்டார், பக்கத்தில் கூவும் அண்ணன் என எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றாக வெட்டுகிறது. எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் கூட்டலும் கழித்தலும் நடக்கிறது. பாட்டு எங்கே மிஞ்சும்?

ஐந்து சென்டிமீட்டர்

மேடையில் பதிவு செய்பவர்கள் ஒலிகளைக் கலக்க விடுவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலிவாங்கி, அதுவும் மிக அருகில். கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னே சில சென்டிமீட்டர் தூரத்தில் ஒன்று இருக்கும். இவ்வகை ஒலிவாங்கியில் மெல்லிய சவ்வும், அதோடு ஒட்டிய கம்பிச்சுருளும், ஒரு காந்தமும் உண்டு. சவ்வு அதிர்ந்தால் சுருள் காந்தப்புலத்தில் அசையும், மின்னழுத்தம் பிறக்கும். படிவம் 5இல் வரும் மின்காந்தத் தூண்டல்தான் இது. பெரும் ஒலியையும் இது தாங்கும். வரும் மின்குறிப்பை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒலிப்பொறியாளர் நிகழ்ச்சிக்கு முன்பே சோதித்து வைத்துவிடுவார். அதனால் முகடு எல்லையைத் தொடாது.

அருகில் வைப்பதன் பலனைப் பாருங்கள். கிட்டார்ப் பெட்டி 5 சென்டிமீட்டரில், டிரம்ஸ் 5 மீட்டரில். தொலைவு 100 மடங்கு. ஒலிச்செறிவு தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் என்பதால், மூலத்தில் இரண்டும் ஒரே அளவு ஒலித்தாலும் அந்த ஒலிவாங்கிக்கு டிரம்ஸ் 10,000 மடங்கு, அதாவது 40 டெசிபல் மெலிந்து வரும். (மிக அருகில் இந்த விதி அப்படியே பொருந்தாது. தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.)

ஸ்நேர் டிரம்முக்குப் பெரும்பாலும் இரண்டு ஒலிவாங்கிகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. குச்சி அடித்ததும் மேல் தோல் மேல் ஒலிவாங்கியை விட்டு விலகும், கீழ்த் தோல் கீழ் ஒலிவாங்கியை நோக்கி நகரும். ஒன்றில் அகடு, மற்றொன்றில் முகடு. அப்படியே கூட்டினால் அழிவுக் குறுக்கீடு! அடி சப்பென்று போய்விடும். தீர்வு மிக எளிது. ஒன்றின் மின்குறிப்பைத் தலைகீழாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி வரும் ஒவ்வொரு ஒலியும் அக்காலத்தில் அகலமான காந்த நாடாவில் தனித்தனித் தடத்தில் பதிவாகும். 24 தடங்கள் வழக்கம். நாடா வினாடிக்கு ஏறக்குறைய 76 சென்டிமீட்டர் ஓடினால், 760 மீட்டர் சுருள் எவ்வளவு நேரம் தாங்கும்? 1,000 வினாடி, பதினேழு நிமிடம்கூட இல்லை. பாட்டின் நடுவே நாடா தீர்ந்தால் பாடகரை நிறுத்தச் சொல்ல முடியுமா? ஆகவே இரண்டு இயந்திரங்கள் இருக்கும். ஒன்று முடியும் முன்னே மற்றொன்று ஓடத் தொடங்கும்.

‘லைவ் ஆஃப்டர் டெத்’ தயாரிப்பாளர் மார்ட்டின் பிர்ச், 1972இல் டீப் பர்ப்பிள் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’ தொகுப்பைப் பதிவு செய்தபோது கையில் இருந்தவை 8 தடங்களே. என்னைக் கேட்டால், அதுதான் இன்னும் பெரிய சாதனை.

கூட்டத்தின் ஒலிக்கும் தனி ஒலிவாங்கி உண்டு. அது மேடையிலிருந்து 34 மீட்டரில் இருந்தால், வினாடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி அதை அடைய 0.1 வினாடி ஆகும். இதை அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்கும். இன்று கணினியில் அந்தத் தடத்தை 0.1 வினாடி முன்னே நகர்த்திவிடலாம். நாடாக் காலத்தில் பாட்டின்போது அதைத் தாழ்த்தி, கைதட்டலின்போது உயர்த்துவார்கள்.

ஆக, இசைத்தட்டில் நீங்கள் கேட்பது அந்த அரங்கின் எந்த இருக்கையிலும் கேட்காத ஒலி. யாருடைய காதும் கிட்டார்ப் பெட்டியிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருந்ததில்லை.

காதுக்குக் குமிழ் இல்லை

ஒலிப்பொறியாளர் குமிழைத் திருகி ஒலியைக் குறைக்கிறார். அந்த மாணவனின் காதுக்கு அப்படிக் குமிழ் ஏது? உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்புக்குள், காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றுபவை அவையே. கோழிக்கு இவை அழிந்தால் மீண்டும் வளரும். நமக்கு வளராது.

85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிலாளர் பாதுகாப்புக்குப் பரவலாகப் பயன்படும் கணக்கு. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. இவனோ மேடையோரத்தில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறான். மெட்டாலிக்கா குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக், காதில் ஓயாத ரீங்காரத்தோடு வாழ்வதாக வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

அன்று மாலையே கிளினிக்குப் போகச் சொன்னேன். நான்காம் நாள் ரீங்காரம் நின்றது. செவிச் சோதனையிலும் குறை இல்லை. “அப்போ ஒண்ணும் ஆகல, இல்ல சார்?” என்றான். ஆம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எலிகளில் செய்த ஆய்வுகளில், செவித்திறன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பல நிரந்தரமாக அறுந்திருந்தன. சாதாரணச் சோதனையில் அது தெரிவதில்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கும் அண்ணன் டிக்கெட் வாங்கிவிட்டாராம். போகாதே என்று நான் சொல்லவில்லை. மருந்தகத்தில் சில வெள்ளிக்கு விற்கும் நுரைக் காதடைப்பானைச் சரியாகப் பொருத்தினால் 20 டெசிபல் அளவுக்குக் குறையும். 100 டெசிபல் 80 ஆகும். ஒலிபெருக்கிக் கோபுரத்தை விட்டுத் தள்ளி நிற்கவும் சொல்லியிருக்கிறேன். எத்தனை மீட்டர் என்று கேட்டான். தலைகீழ் வர்க்க விதியை வைத்து நீயே கணக்கிட்டு வா என்று அனுப்பினேன். இன்னும் வரவில்லை.