கடல்மல்லைக்கு இரு வருகைகள்: தண்டியும் திருமங்கையாழ்வாரும் காட்டும் கிடந்த திருமேனி

முன்னுரை

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் வங்கக் கடலோரம் அமைந்த மாமல்லபுரத்திற்கு நாள்தோறும் வருவோர் பலர். அவ்வூரைப் பற்றிய நவீன எழுத்தின் தொடக்கமும் ஒரு வருகையாளரின் குறிப்பே. 1772-இலும் 1776-இலும் அங்குச் சென்ற வில்லியம் சேம்பர்ஸ், தாம் கண்டதையும் கேட்டதையும் தொகுத்து எழுதிய கட்டுரை 1788-இல் ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் வெளிவந்தது. சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்று வடக்கேயுள்ள இவ்விடத்தை மாலுமிகள் ‘ஏழு கோயில்கள்’ என்று அழைத்ததை அக்கட்டுரையின் தலைப்பே தெரிவிக்கிறது. கடலுக்குள் மூழ்கிய நகரம் என்னும் கதை அதன்பின் மேலைநாட்டுப் படிப்பாளரிடையே பரவியது. 1810-இல் ராபர்ட் சதே இயற்றிய ‘கெஹாமாவின் சாபம்’ என்னும் நெடும்பாடல் வரை அக்கதை சென்றது.

சேம்பர்ஸுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூருக்கு வந்து, கண்டதை எழுத்தில் வைத்தோர் இருவர் உளர். ஒருவர் காஞ்சியில் வாழ்ந்த வடமொழி ஆசிரியர் தண்டி, மற்றவர் திருமங்கையாழ்வார். ஒருவர் உரைநடைக் கதையின் முகப்பிலும் மற்றவர் பாசுரத்திலும் பேசினாலும், இருவர் பார்வையும் கடலோரத்தில் கிடந்த கோலத்திலுள்ள திருமாலின் திருமேனி ஒன்றிலேயே நிலைகொள்கிறது. இவ்விரு பதிவுகளையும் கடற்கரைக் கோயிலின் கல்வெட்டுகளோடு அடுத்தடுத்து வைத்து நோக்கினால், அத்திருமேனி இராசசிம்மன் காலத்துக்கு முற்பட்டது என்னும் கருத்து எவ்வளவு வலிமை பெறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா சிறியதன்று. மாமல்லபுரத்துச் சின்னங்களை மகேந்திரன், மாமல்லன், இராசசிம்மன் எனக் காலமுறைப்படி பகுத்த பழைய பகுப்பை மறுத்து, அவை அனைத்தும் இராசசிம்மன் ஒருவன் காலத்தனவே என்று 1962-இல் இரா. நாகசாமி நிறுவ முற்பட்டார். ‘அத்யந்தகாமன்’ முதலிய விருதுப்பெயர்களைக் கொண்டு அவர் எழுப்பிய வாதம் இன்றும் முற்றாக ஒதுக்கப்படவில்லை. இராசசிம்மனுக்கு முன்பே அவ்வூரில் ஒரு திருமேனி வழிபாட்டில் இருந்தது எனத் தெளிவானால், அவ்வாதத்தின் ‘அனைத்தும்’ என்னும் சொல் சுருங்கவேண்டியிருக்கும்.

தண்டியின் வருகை

தமிழ் அணியிலக்கண மரபில் தண்டியின் பெயர் புதியதன்று. அவருடைய காவியாதரிசத்தின் வழிநூலே தண்டியலங்காரம். ஆயினும் அவர் தம் குடிவரலாற்றைக் கூறும் ‘அவந்திசுந்தரி கதை’ தமிழாய்வாளரிடையே உரிய கவனம் பெறவில்லை. நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை, ஏடுகளும் சிதைந்தவை. அதன் செய்யுட்சுருக்கமான ‘அவந்திசுந்தரி கதாசாரம்’ விடுபட்ட இடங்களை ஓரளவு நிரப்புகிறது.

பாரவியோடு தொடர்புடையவராகக் கூறப்படும் தாமோதரர், காஞ்சியில் சிம்மவிஷ்ணுவின் ஆதரவைப் பெற்றார். அவருடைய கொள்ளுப்பேரரே தண்டி. இத்தலைமுறைக் கணக்கு தண்டியை ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிறுத்துகிறது. அதாவது, இராசசிம்மன் ஆட்சியைத் தம் கண்ணால் கண்டிருக்கக்கூடியவர் அவர்.

கதையின் முகப்பில் இலலிதாலயன் என்னும் சிற்பி வருகிறான். மகாமல்லபுரத்தில் கடலோரம் பள்ளிகொண்டுள்ள திருமாலின் படிமத்தில் உடைந்திருந்த கையைத் தான் ஒட்டவைத்ததாகவும், அவ்வேலையைத் தண்டி வந்து பார்க்கவேண்டும் என்றும் வேண்டுகிறான். தண்டி நண்பர்களோடு செல்கிறார். அலை வந்து படிமத்தின் அடியைத் தொடுகிறது. ஒட்டிய இடம் தெரியாதபடி வேலை அமைந்திருக்கிறது. அப்பொழுது அலையில் மிதந்துவந்த தாமரையொன்று திருவடியில் பட்டவுடன் வித்தியாதரனாக மாறி வணங்கி வானேறுகிறது. இவ்வியப்பின் காரணத்தை அறிய விழைவதிலிருந்து கதை பிறக்கிறது.

இங்கு ஓர் இடைக்குறிப்பு வேண்டும். இதே இலலிதாலயன் சூத்திரகனின் சரிதத்தைத் தமிழில் இயற்றியவன் என்றும் அந்நூல் கூறுகிறது. கல்தச்சனொருவன் தமிழில் நூல் செய்த செய்தி வடமொழி நூலொன்றின்வழி மட்டும் எஞ்சி, நூல் மறைந்துபோனது தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் கருதத்தக்கது. கல்வேலையும் நூற்புலமையும் ஒருவனிடம் கூடியிருப்பதில் தண்டி வியப்பேதும் காட்டவில்லை.

கதையும் சான்றும்

தாமரை வித்தியாதரனாவது கதை. அப்படியிருக்க, அதே பகுதியில் உள்ள கைச்செப்பத்தை மட்டும் சான்றாகக் கொள்வது எங்ஙனம் என்னும் வினா எழுதல் இயல்பே. கதை இலக்கியத்தின் முகப்புக்கு ஒரு வியப்பு வேண்டும்; அதனைத் தாமரை தருகிறது. படிமத்தின் கை உடைந்திருந்ததும் அதனை ஒட்டியதும் அவ்வியப்புக்குத் தேவையற்றவை. முழுமையான படிமத்தின் அடியில் தாமரை பட்டாலும் கதை நடந்திருக்கும். கதைக்குப் பயன்படாத இத்தகைய விவரங்களே பெரும்பாலும் உலகியலிலிருந்து நூலுக்குள் நுழைபவை. சிற்பியைப் புகழ்வதற்காகவே உடைவு புனையப்பட்டது எனலாம். ஆனால் அரசன் அண்மையில் செய்வித்த படிமம் ஒன்று உடைந்துவிட்டதாக அவனுடைய தலைநகரில் வாழும் ஒருவர் புனைந்து எழுதுவது எளிதில் ஏற்கத்தக்கதாக இல்லை.

உடைந்த படிமத்தை நீக்கிப் புதியது வைப்பதே பெருங்குறைக்கு ஆகமங்கள் கூறும் பொதுவழி. இங்கு அவ்வழி கைக்கொள்ளப்படாமைக்குக் காரணம், கடற்கரைக் கோயிலுக்குள் இன்றும் காணப்படும் பள்ளிகொண்ட பெருமாளை நோக்கினால் விளங்கும். அத்திருமேனி அங்கேயே இருந்த தாய்ப்பாறையில் செதுக்கப்பட்டது. தாய்ப்பாறையைப் பெயர்த்து வேறொன்றை அங்கு வைக்க இயலாது. ஒட்டுவது ஒன்றே செய்யக்கூடியது. தண்டி கூறும் செப்பம் இவ்விடத்துப் பாறையின் இயல்போடு முரணின்றிப் பொருந்துகிறது.

கோயிலின் அமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. கிழக்கே கடலை நோக்கிய பெரிய சிவன் கோயிலுக்கும் மேற்கேயுள்ள சிறிய சிவன் கோயிலுக்கும் நடுவே, இன்று விமானமின்றி, இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் திருமால் கிடக்கிறார். புதிதாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட வளாகமெனின் இந்நெருக்கம் விளங்காது. முன்பே இருந்த பாறைத் திருமேனியை விலக்க இயலாமல் இருபுறமும் கட்டடம் எழுந்தது எனின் விளங்கும். இத்திருமால் கோயிலை ‘நரபதிசிம்ம பல்லவ விஷ்ணுகிருகம்’ எனக் கல்வெட்டு குறிப்பதும், நரபதிசிம்மன் என்பது இராசசிம்மனின் விருதுப்பெயராதலும் இதற்கு மறுப்பாகா. ‘கிருகம்’ என்னும் சொல் கட்டடத்தையே சுட்டுகிறது. வீட்டைக் கட்டியவன் இராசசிம்மன். வீட்டிலுள்ளவர் அதற்கு முன்னரே அங்குக் கிடந்தவர்.

ஆழ்வார் கண்ட மல்லை

இரண்டாம் நந்திவர்மன் காலத்தவராகக் கொள்ளப்படும் திருமங்கையாழ்வார், பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் ஐந்தாம், ஆறாம் திருமொழிகளில் கடல்மல்லையைப் பாடுகிறார். ஐந்தாம் திருமொழிப் பாசுரங்கள் திருமாலின் செயல்களை அடுக்கி, அவரைத் தாம் கண்ட இடம் கடல்மல்லைத் தலசயனம் எனக் கூறும் போக்கின. காணுதலே அங்கு வினைமுடிபாக அமைகிறது. ஆறாம் திருமொழியில் பார்வை திரும்புகிறது. தலசயனத்தாரை எண்ணுவோரையும் வலம்வருவோரையும் தம் நெஞ்சு போற்றவேண்டும் என்று ஆழ்வார் கூறுகிறார். இறைவனைக் காண வந்தவர் அடியார் கூட்டத்தைக் காண்கிறார்.

இவ்வாறாம் திருமொழியின் இரு செய்திகள் வரலாற்றாய்வுக்கு உரியன. ஒன்று, பொற்குவைகளையும் யானைகளையும் மணிக்குவியல்களையும் சுமந்து, சுமை மிகுதியால் தாழ்ந்து அசையும் கலங்கள் இயங்கும் துறையாக மல்லையை அவர் காட்டுவது. சிற்பக்கூடமாக மட்டும் மாமல்லபுரத்தைக் காணும் இக்காலப் பார்வைக்கு இது தக்க மாற்று. பயிற்சிக்காகச் செதுக்கிவிட்டுப்போன குன்றுகளின் தொகுதி என்னும் எண்ணம் துறைமுக வணிகத்தைக் கணக்கில் கொள்ளாதவர் எண்ணமே. முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1010-இல், இவ்வூர் நகரத்தார் கூடி நிலங்களைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாட்டைக் கடற்கரைக் கோயில் கல்வெட்டு பதிவுசெய்கிறது. பல்லவர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும் வணிகர் அவை அங்கு இயங்கியது.

மற்றொன்று, சுடுகாட்டில் ஆடும் சிவனோடு இணங்கியிருக்கும் சக்கரக் கையினராகத் தலசயனத்தாரை அவர் பாடுவது. சிவனும் திருமாலும் ஒன்றியிருத்தல் ஆழ்வார் பாடல்களில் பொதுவாகவும் வரும் கருத்தே. ஆனால் தல வருணனையில், அதுவும் இவ்வூரைப் பாடுகையில், அது இடம்பெறுவது கடற்கரைக் கோயிலின் முக்கோயில் அமைப்பை நினைவூட்டாமல் இராது. ஆழ்வார் காலத்தில் இராசசிம்மனின் கட்டடப்பணி முடிந்திருந்தது. தண்டி படிமத்தைக் கூறி, சுற்றியுள்ள சிவன் கோயில்களைக் கூறாதிருப்பதும், ஆழ்வார் இரண்டையும் சேர்த்துக் காண்பதும் நோக்கத்தக்கன. தண்டியின் மௌனத்தைச் சான்றாக்குதல் தகாது; நூலே சிதைந்தது.

தலசயனமும் ஜலசயனமும்

ஆழ்வார் ‘தலசயனம்’ என்கிறார். தலம் என்பது தரை. கடற்கரைக் கோயிலைச் சார்ந்த சோழர் கல்வெட்டுகளில் ‘ஜலசயனம்’ என்னும் பெயர் வழங்குகிறது. ஊருக்குள், பெரும்பாறைச் சிற்பத்தை அடுத்து, இன்று நாள்வழிபாட்டோடு விளங்கும் கோயிலில் திருமால் பாம்பணையின்றித் தரையில் கிடக்கிறார். 108 திவ்வியதேசங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது அக்கோயிலே. எனவே தலசயனம் ஊருக்குள் உள்ளது, ஜலசயனம் கடலோரத்தது, இரண்டும் வெவ்வேறு என்று கொள்வார் உளர். ஊர்க்கோயிலின் இன்றைய கட்டடம் விசயநகரக் காலத்தது. கடலோரக் கோயிலுக்கு மாற்றாக எழுந்தது அது என்பது வழிவழிச் செய்தி.

தண்டியின் பதிவு இச்சிக்கலை வேறுவகையில் காண வழிதருகிறது. அவர் கண்ட திருமேனி பாறைத்தரையில் கிடக்கிறது. அதன் அடியை அலை தொடுகிறது. படுக்கையைக் கொண்டு பெயரிடுவார்க்கு அது தலசயனம். சூழலைக் கொண்டு பெயரிடுவார்க்கு ஜலசயனம். ஒரே திருமேனிக்கு இரு பெயர்களும் ஒரு காலத்தில் வழங்கியிருத்தல் கூடும். கடலோர வழிபாடு குன்றி ஊருக்குள் கோயில் எழுந்தபோது, பாசுரத்தின் பெயர் பாசுரம் ஓதுவோரோடு ஊருக்குள் சென்றது. கல்வெட்டின் பெயர் கல்லோடு கரையில் நின்றது. பெரும்பாணாற்றுப்படை குறிக்கும் ‘நீர்ப்பெயற்று’ என்னும் துறையை மல்லையாகக் கொண்டு, அதனை ‘நீர்ப்பாயல்’ எனத் திருத்திப் படிக்க முயன்றோரும் உண்டு. ஜலசயனத்துக்கு அது நேரான தமிழாயினும், பாடத்தைத் திருத்திப் பெறும் சான்றின்மேல் காலக்கணிப்பை ஏற்றுதல் முறையன்று.

ஊர்ப்பெயர்

மாமல்லன் என்னும் விருதுப்பெயர் கொண்ட முதலாம் நரசிம்மவர்மனால் (630–668) மாமல்லபுரம் பெயர்பெற்றது என்பது பொதுக்கருத்து. தண்டியின் ‘மகாமல்லபுரம்’ அதற்கு இயைந்ததே. ஆனால் இவ்வூரிற் பிறந்தவராக மரபு போற்றும் பூதத்தாழ்வார், இரண்டாம் திருவந்தாதியில் ‘மாமல்லை’ என்று சுட்டுகிறார். திருமங்கையாழ்வார் பாடல்களிலும் அரசன் பெயரின் சாயலின்றி ‘மல்லை’ என்பதே அடிச்சொல். முதலாழ்வார் காலத்தை ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்கோ அதற்கு முன்னோ கொண்டுசெல்வோர்க்கு, மல்லை என்னும் ஊர்ப்பெயரின்மீதே மல்லன் என்னும் அரசப்பெயர் வந்தமர்ந்தது என்று கூற இடமுண்டு. காலத்தைப் பிற்படுத்துவோர்க்கு அவ்விடமில்லை. ‘மகாபலிபுரம்’ மட்டும் இவ்வழக்கிற்கு முற்றிலும் புறம்பானது. சேம்பர்ஸ் கேட்ட பலிச்சக்கரவர்த்தி கதையின் வழிவந்த பெயர் அது.

பல்லவர்க்கு முன் இக்கரையில் வழிபாடு இருந்ததா என்பதற்கு மண்ணும் ஒரு விடை தந்துள்ளது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை மணலை அரித்தபின், சில கி.மீ. வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தில் இந்தியத் தொல்லியல் துறை 2005-இல் அகழ்ந்தபோது, முருகன் கோயிலொன்றின் கற்கட்டடப் பகுதிகளும் அவற்றின்கீழ்ப் பல்லவர்க்கு முற்பட்டதெனக் கருதப்படும் செங்கற் கட்டடமும் வெளிப்பட்டன. பழைய வழிபாட்டிடத்தின்மேல் பின்னையோர் கல்லெடுத்த நிலை அங்குக் காணப்படுகிறது. தண்டியும் பாறையும் கடற்கரைக் கோயிலுக்குச் சுட்டும் நிலையும் அதுவே.

கடற்கரைக் கோயிலில் இன்று வழிபாடில்லை. அலையைத் தடுக்கக் கருங்கற்கள் இடப்பட்டுள்ளன. கிடந்த திருமேனி உப்புக்காற்றில் பெரிதும் தேய்ந்துள்ளது. இலலிதாலயன் ஒட்டியதாகக் கூறப்படும் கைப்பகுதியில் பொருத்துத் துளையோ வெட்டுவாயோ எஞ்சியுள்ளதா என்பதை நுண்ணளவீட்டால் தேடுதல் இன்னும் இயலக்கூடியதே. தேய்மானம் மிகுவதற்குள் அது செய்யப்படவேண்டும்.