புராணபடனமும் பிள்ளைகளின் வினாக்களும்

யாழ்ப்பாணத்துச் சைவமக்களின் கல்வி பள்ளிக்கூடத்தில் மட்டும் வளர்ந்ததன்று. கோயில் மண்டபத்திலே பெரியோரும் சிறியோரும் ஒருங்கிருந்து, கேட்டும் வினவியும் வளர்த்த கல்வி அது. இதற்குச் சான்றாக விளங்குவது புராணபடனம் ஆகும்.

ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பதம்பிரித்துப் பயன் சொல்லுவார். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம், திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம், விநாயக விரதம் 21 நாளும் பிள்ளையார் கதை என ஆண்டு முழுவதும் இம்மரபு தொடரும். எழுத்தறியாத ஆச்சிமாரும் இவ்வாறு கேட்டே புராணம் அறிந்தனர். இவ்வாழ்க்கை முறையையே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்றார்.

1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்குச் சமயத்தைச் சைவ வினாவிடையாக எழுதித் தந்தார். ஆயினும் நூலில் இல்லாத வினாக்களும் பிள்ளைகளிடம் உண்டு. "அவ்வளவு கொடுமை செய்த சூரனை முருகன் ஏன் மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொண்டார், அப்பு?" என்று பேரன் கேட்கிறான். "பேசாமல் இரு" என்றால் அன்றோடு இருவர் கல்வியும் நின்றுவிடும். "நாளைக்குப் பார்த்துச் சொல்லுறன்" என்ற அப்பு வீட்டிற்குச் சென்று உரைநூலை விரிப்பார். அப்பொழுது அவரும் மாணவராகிறார்.

இதனைக் கந்தபுராணமே காட்டுகின்றது. உற்பத்தி காண்டத்திலே பிரணவத்தின் பொருளைப் பிரமதேவரால் சொல்ல முடியவில்லை. பின்னர் சிவபெருமான் தம் மைந்தனிடமே அப்பொருளைக் கேட்டருளினார்.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். பயன் சொல்லத் தெரிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். ஒரு முதியவரோடு மறைவது ஒரு குரல் மட்டுமன்று. அவர் செவிவழி பெற்ற இராகமும் விளக்கமும் உடன் மறைகின்றன.

ஆதலால் படனத்தின்போது நாளொன்றுக்கு ஒரு செய்யுளையேனும் பிள்ளை வாசிக்கட்டும். முடிவில் ஒரு வினாவேனும் கேட்கட்டும். வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைகள் தொலைபேசியிற் கேட்டாலும் நன்றே. விடை தெரியாவிடின், தெரியாதென்று கூறித் தேடுவது பெரியோருக்கு இழிவன்று.

கேட்கும் பிள்ளையும் தேடும் பெரியோரும் உள்ளவரை இம்மரபு வாழும். அதற்கு முருகப்பெருமான் திருவருள் பாலிப்பாராக.