நாரி நோ: முள்ளந்தண்டுக்குள் நடப்பது என்ன?

வெள்ளாங்குளத்தில் உங்கள் காணிக்குத் திரும்பியதும் பற்றை வெட்டுதல், கிணறு இறைத்தல், தகரம் சுமத்தல் எனப் பாரமான வேலைகள் காத்திருக்கும். அந்நாட்களில் நாரி நோ வருவது வழமை. பெரும்பாலும் அது தசைப்பிடிப்பு. சிலருக்கு முள்ளந்தண்டுத் தட்டில் ஏற்படும் பழுது.

தட்டு என்பது எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை. நடுவில் களி போன்ற பொருளும் சுற்றிலும் நார் வளையமும் உண்டு. வயதாலும் பாரத்தாலும் வளையம் வெடித்தால், அதைச் சீர்செய்ய உடல் அழற்சியை உண்டாக்கும். புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குவதும் இதேதான். ஆனால் தட்டுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு, ஆறுவது மெதுவாகும். அழற்சி நீடித்தால் தட்டை மேலும் சிதைத்து, அருகிலுள்ள நரம்பையும் தாக்கும். அப்போது நோ காலுக்கும் இறங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• நாட்கணக்கில் படுத்திருக்காதீர்கள், இயன்றளவு நடமாடுங்கள். பெரும்பாலான நாரி நோ 6 வாரங்களுக்குள் தணியும்.

• முழங்காலை மடித்து, பாரத்தை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். பெரிய பாரத்தை இருவராகச் சுமவுங்கள்.

• புகைத்தலை விடுங்கள். அது தட்டைப் பழுதாக்கும்.

கால் பலமிழந்தால், மலவாசலைச் சுற்றி விறைத்தால், சலம் போக முடியாவிட்டால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். உடனே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், சிகிச்சை இலவசம். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் பழுதாகலாம்.