ஓர் ஊரின் விளையாட்டும் வந்து சேர்ந்த குடிகளும்

(மேற்பிரிவு மாணவர்க்கும் பெற்றோர்க்குமான பாடக் கட்டுரை)



ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் அவ்வூரின் வழிபாட்டிடங்களையும் பழைய ஆவணங்களையும் நாடுவர். அவற்றோடு அவ்வூரின் விளையாட்டுத் திடலையும் நோக்குதல் நன்று. எவர் ஆடினர், எவரை ஊர் பாராட்டியது, எவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தனர் என்பவற்றை ஆராய்ந்தால், அவ்வூர் தன்னிடம் வந்து சேர்ந்தோரை எவ்வாறு நடத்தியது என்பதும் விளங்கும். இதற்கு எடுத்துக்காட்டாக, ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் மாநிலத்தில் உள்ள லூயிஸ்ரன் என்னும் சிறு நகரை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 37,121 பேர்.

1. ஆலைகளும் கியூபெக் மக்களும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அன்ட்ரொஸ்கொகின் ஆற்றின் நீர்வீழ்ச்சியை அண்டிப் பருத்தி நெசவாலைகள் எழுந்தன. ஆற்றுநீரைக் கால்வாய்களில் திருப்பி, அதன் விசையால் பொறிகளை இயக்கினர். அக்கால்வாய்களை வெட்டியோரிற் பலர் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். ஆலைகள் பெருகவே வேலைக்கு ஆட்கள் போதவில்லை. 1874 இல் லூயிஸ்ரனைக் கனடா செல்லும் இருப்புப்பாதையுடன் இணைக்கும் கிளைப்பாதை திறக்கப்பட்டது. கியூபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக் குடியானவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திறங்கினர். ஆற்றோரத்து மாடி வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். அப்பகுதிக்குச் 'சின்னக் கனடா' என்றே பெயராயிற்று. தமது கோயில்களையும் பள்ளிகளையும் தாமே கட்டினர். 1880 இல் தமக்கெனப் பிரெஞ்சு மொழியில் இதழொன்றையும் தொடங்கினர்.

இவர்களை எல்லோரும் விரும்பி வரவேற்றாரல்லர். கத்தோலிக்கர், பிறமொழியாளர், தம்முள்ளே கூடி வாழ்வோர், குறைந்த கூலிக்கு உழைத்து மற்றவர் பிழைப்பைக் கெடுப்போர் என்றெல்லாம் பழித்தனர். 1919 இல் மெயின் மாநிலம் இயற்றிய சட்டமொன்று, பள்ளிப் பாடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படல் வேண்டுமென விதித்தது. தாய்மொழி பேசியமைக்காகத் தண்டனை பெற்ற பிள்ளைகள் பலர். 1920களில் கு குளுக்ஸ் கிளான் என்னும் வெறுப்பியக்கம் அம்மாநிலத்தில் வலுப்பெற்றபோது, அதன் பகைமை முதன்மையாகக் கத்தோலிக்கர் மீதும் பிரெஞ்சு மொழியார் மீதுமே பாய்ந்தது. இரு சாராரும் வெள்ளை நிறத்தவரே என்பதை மாணவர் கவனிக்க. வேறுபடுத்த விரும்புவோர்க்கு நிறம் கிடைக்காவிடின் மொழி கிடைக்கும். மொழி கிடைக்காவிடின் சமயம் கிடைக்கும்.

2. பனிமிதியடியும் பனித்தரை ஹொக்கியும்

பனிமிதியடி என்பது உறைபனியிற் கால் புதையாமல் நடப்பதற்கு உதவும் அகன்ற வலைமிதியடி. கியூபெக் மக்கள் அதனை அணிந்து நடப்பதையும் ஓடுவதையும் விளையாட்டாக வளர்த்திருந்தனர். 1924 இல் லூயிஸ்ரனிற் பிரெஞ்சு மக்கள் பனிமிதியடிக் கழகமொன்றை நிறுவினர். அடுத்த ஆண்டிலேயே கனடாவிலிருந்து கழகங்கள் பல வந்து கூடிய பெருவிழா அங்கு நடைபெற்றது. வெறுப்பியக்கம் ஓங்கியிருந்த அதே காலத்தில், இம்மக்கள் வண்ணச் சீருடை அணிந்து நகரின் நடுத்தெருவில் அணிவகுத்தனர். யாருடனும் சண்டையிடாமல், தாமும் அவ்வூரவரே என்பதை இவ்வாறு தெரிவித்தனர்.

அதன்பின் பனித்தரை ஹொக்கி அவர்களின் உயிராட்டமாயிற்று. கத்தோலிக்கப் பள்ளியான புனித டொமினிக் பள்ளியின் அணி மாநில வெற்றிகளைப் பலமுறை ஈட்டியது. அச்சபையின் மக்கள் ஆட்டத்திற்கென அரங்கமொன்றையும் எழுப்பினர். காலப்போக்கில், ஒருகாலத்தில் பழிக்கப்பட்டோரின் ஆட்டமே ஊரின் பெருமையாக மாறிற்று.

3. உலகம் நோக்கிய ஓர் இரவு

1965 மே 25ஆம் நாள் அந்த அரங்கத்திலேயே முகமது அலிக்கும் சொனி லிஸ்ரனுக்கும் இடையிலான உலக அதிபாரக் குத்துச்சண்டைப் போட்டி நடைபெற்றது. முதலில் பொஸ்ரன் நகரில் நடக்கவிருந்த போட்டி, அங்கு எழுந்த தடைகளால் இச்சிற்றூருக்கு மாற்றப்பட்டது. பார்க்க வந்தோர் 2,434 பேர் மட்டுமே. முதற்சுற்றிலேயே லிஸ்ரன் வீழ்ந்தார். வீழ்ந்தவரின் மேல் நின்று அலி முழங்கும் ஒளிப்படம் உலகெங்கும் பரவியது.

அலி அதற்கு முந்திய ஆண்டில்தான் தாம் இஸ்லாத்தைத் தழுவியதை வெளிப்படுத்தித் தம் பெயரையும் மாற்றியிருந்தார். கத்தோலிக்கர் கட்டிய அரங்கில், கறுப்பின முஸ்லிம் வீரர் ஒருவர் தம் உலகப்பட்டத்தைக் காத்துக்கொண்டார். ஆயினும், ஓரிரவு வந்து செல்லும் விருந்தினரை வரவேற்பது வேறு. என்றும் அயலில் வாழப்போகும் குடும்பத்தை ஏற்பது வேறு. அந்தத் தேர்வு லூயிஸ்ரனுக்கு 36 ஆண்டுகளின் பின்னரே வந்தது.

4. சோமாலிய மக்களின் வருகை

ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டமையால் ஊர் மெலிந்தது. 1970 இல் 41,779 ஆக இருந்த மக்கள்தொகை 2000 இல் 35,690 ஆகக் குறைந்தது. வீடுகளும் கடைகளும் வெறுமையாகக் கிடந்தன.

சோமாலியாவில் 1991 இல் அரசு வீழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபோது, மக்கள் பெருந்திரளாகக் கென்யாவின் டடாப் முதலிய அகதி முகாம்களுக்கு ஓடினர். அவர்களுள் ஒரு பகுதியினர் அமெரிக்கப் பெருநகரங்களிற் குடியமர்த்தப்பட்டனர். அங்கே வன்முறைக்கு அஞ்சிய பெற்றோர், பிள்ளைகளை அச்சமின்றி வளர்க்க அமைதியான ஊரொன்றைத் தேடினர். குறைந்த வாடகை, நல்ல பள்ளி, குற்றம் குறைந்த தெரு ஆகிய மூன்றும் லூயிஸ்ரனில் இருந்தன. 2001 பெப்ரவரியில் முதற் குடும்பங்கள் வந்தன. இரண்டு ஆண்டுகள் நிறையுமுன் வந்தோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

5. ஊராரின் வாதங்கள்

2002 ஒக்ரோபரில் அந்நகரபிதா சோமாலிய மூத்தோர்க்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினார். நகரின் வளங்கள் எல்லையைத் தொட்டுவிட்டன. மேலும் உறவினரை அழைப்பதைத் தவிருங்கள் என்பது அதன் சாரம். கடிதம் நாடெங்கும் பேசப்பட்டது. அக்காலத்தில் எழுந்த வாதங்களை நான்காகப் பிரித்து நோக்குவோம்.

முதலாவது, கணக்கு வாதம். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் போதாது, வாடகை வீடு போதாது, நகரசபையின் உதவிப்பணம் பெருகுகிறது என்றனர். இதில் உண்மை இருந்தது. குடியமர்த்துவதற்கு நடுவணரசு கொடுக்கும் உதவி, அகதிகள் முதலில் இறங்கிய நகரத்தை ஒட்டியது. அவர்கள் தாமாக இடம்பெயர்ந்தபோது அவ்வுதவி முழுமையாகப் பின்தொடரவில்லை. இத்தகைய வாதத்தைப் பழித்தல் தகாது. கணக்கிற்குக் கணக்கினாலேயே விடை காணவேண்டும்.

இரண்டாவது, ஒப்பீட்டு வாதம். 'எம் பாட்டன்மார் எவரிடமும் கையேந்தவில்லை; உழைத்தே உயர்ந்தனர்' என்று பிரெஞ்சு வழித்தோன்றல்கள் பலர் கூறினர். பாட்டன்மார் உழைத்தது மெய். ஆனால் அவர்கள் வந்தபோது ஆலைக் கதவுகள் திறந்திருந்தன. மொழி அறியாதவர்க்கும், சிறுவர்க்குங்கூட, அங்கு வேலை கிடைத்தது. சோமாலியர் வந்தபோது அக்கதவுகள் மூடிக் கிடந்தன. ஒப்பிடுவோர் இரு பக்கங்களையும் ஒப்பிடல் வேண்டும்.

மூன்றாவது, வதந்தி. அகதிகளுக்கு அரசு இலவசமாக மோட்டார் வண்டி கொடுக்கிறது என்ற கதை ஊரெங்கும் பரவியது. அது பொய்யென நகர அலுவலர் பலமுறை விளக்கியும் கதை ஓயவில்லை. புலம்பெயர்ந்த பெற்றோர்களே, இக்கதை நமக்கும் புதியதன்று!

நான்காவது, வெறுப்பு. வெள்ளையர் மேலாண்மை பேசும் வெளியூர்க் குழுவொன்று 2003 சனவரி 11 இல் அங்கே கூட்டம் நடத்தியது. அதற்கு வந்தோர் சில பத்துப் பேரே. அதே நாளில் பேற்ஸ் கல்லூரியில், அயலவரை ஆதரித்துக் கூடியோர் நாலாயிரத்திற்கும் மேற்பட்டோர். ஆயினும் வெறுப்பு ஒரே நாளில் மறையவில்லை. 2006 இல் தொழுகை நேரத்திற் பள்ளிவாசலுக்குள் பன்றித்தலையொன்று உருட்டிவிடப்பட்டது.

இந்நான்கையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே பெருந்தீங்கு விளைகிறது. கணக்குக் கேட்பவரை வெறுப்பாளர் என்று சாடினால் அவர் மனங்கசந்து வெறுப்பாளர் பக்கம் சாய்வார். வெறுப்பாளர் கணக்குப் பேசுவோரின் போர்வையைப் போர்த்து வந்தாலோ, ஊர் ஏமாறும்.

6. 2015: ஒரே ஒரு கோல்

சோமாலியச் சிறுவர்க்கு ஹொக்கி தெரியாது, உதைபந்தாட்டம் தெரியும். முகாமின் புழுதியிற் கந்தலையும் பொலித்தீனையும் சுருட்டிப் பந்தாக்கி ஆடிய பிள்ளைகள் அவர்கள். லூயிஸ்ரன் உயர்நிலைப் பள்ளியிலோ நெடுங்காலமாக உதைபந்தாட்டம் ஹொக்கியின் நிழலில் இருந்தது. அவ்வணியின் பயிற்றுநர் மைக் மக்ரோ இப்பிள்ளைகளை அணிக்குள் அழைத்தார். புதியவரும் பழைய ஊரவர் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடக் கற்றனர். களமிறங்குமுன் சுவாகிலி மொழியில் 'சகோதரரே, ஒன்றாக' எனப் பொருள்படும் 'பமோஜா ந்டுகு' என்ற முழக்கத்தை எல்லோரும் சேர்ந்து எழுப்பினர்.

2014 இல் இறுதியாட்டம்வரை சென்று தோற்றனர். 2015 இல் ஓராட்டத்திலும் தோற்காது வந்து, நவம்பர் 7ஆம் நாள் வசதிபடைத்த ஸ்காபுரோ நகர அணியை ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்று, அப்பள்ளியின் முதலாவது மாநில உதைபந்தாட்டக் கிண்ணத்தை ஏந்தினர். ஹொக்கிக்காக ஆர்ப்பரித்த ஊர் அன்று உதைபந்தாட்டத்திற்காக ஆர்ப்பரித்தது. ஏமி பாஸ் என்னும் வரலாற்றாசிரியர் 2018 இல் இதனை நூலாக எழுதினார். 2019 இல், சிறுவயதில் அகதியாக வந்த சோமாலியப் பெண்ணொருவர், சபியா காலித், தம் 23ஆம் வயதில் நகரசபை உறுப்பினராகத் தெரிவானார். தேர்தற் காலத்தில் அவரை நோக்கி வசைகளும் வந்தன. வாதங்கள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை.

7. நாம் கொள்ளவேண்டிய பாடம்

இவ்வரலாற்றைக் கேட்போர், 'கிண்ணம் வென்றதால் அகதிகள் ஊரவராயினர்' என்று முடிவு கட்டலாம். அம்முடிவு பிழையானது. அன்று பந்து சற்று விலகிச் சென்றிருந்தால், ஒன்றுக்குப் பூச்சியம் எதிரணியின் வெற்றியாகியிருக்கும். அதனால் அப்பிள்ளைகளின் தாய்தந்தையர் அங்கு வாழும் உரிமையை இழந்திருப்பரோ? விளையாட்டு மனிதரை ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்துவைக்கும். அவ்வளவே அதன் பணி. மாணவர்களே, நீங்கள் வாழும் நாட்டில் உங்களுக்குள்ள இடம், வகுப்பில் முதல்வராக வருவதாலோ ஓட்டத்தில் முந்துவதாலோ ஈட்டும் பரிசன்று. நன்றாகப் படியுங்கள், ஆடுங்கள். ஆனால் அவற்றை நுழைவுச்சீட்டாக எண்ணாதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். அடியேனும் அகதியாக இந்நாடு வந்தவன். நம்மைப்பற்றியும் இந்நான்கு வாதங்களும் பேசப்பட்டதை அறிந்தவன். இன்று நமக்குப் பின்னர் வேறு நாடுகளிலிருந்து மக்கள் வருகின்றனர். 'இவர்கள் உழைக்க வந்தவரல்லர், உதவிப்பணத்திற்கு வந்தவர்' என்று நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் பேச்சு எழுவதுண்டு. பிள்ளைகள் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தல் தமிழர்க்கு அழகன்று. 'சின்னக் கனடா'வின் பேரப்பிள்ளைகளிற் சிலர் தம் பாட்டன்மாரை மறந்து பேசினர்; வேறு பலர் அவர்களை நினைவிற் கொண்டு 2003 இல் அந்தக் குளிர்நாளில் அயலவர் பக்கம் சென்று நின்றனர். நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பர் என்பது, நம் வரலாற்றை நாம் எவ்வாறு சொல்லிக் கொடுக்கின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கியூபெக் மக்கள் மீதும் சோமாலிய மக்கள் மீதும் கூறப்பட்ட குறைகளுள் பொதுவானவை எவை?
2. கணக்கு வாதத்திற்கும் வெறுப்பிற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.
3. நீர் வாழும் ஊரில் உமக்கு முன்னர் வந்து குடியேறியவர் யாவர்? அவர்கள் விரும்பி ஆடிய விளையாட்டு எது? ஊர் நூலகத்திலும் முதியவரிடத்திலும் கேட்டறிந்து ஒரு பக்கம் எழுதுக.
4. உம் வகுப்பிற்குப் புதிதாக வந்த, மொழி அறியாத மாணவர் ஒருவரை உம் விளையாட்டிற் சேர்க்க என்ன செய்வீர்?